பழைய பெயரில் போன வேலை

கிளோறியா டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் நகரில் ஒரு மென்பொருள் அலுவலகத்தில் ஏழு வருடங்களாக வேலை செய்கிறாள். எல்லோரும் தங்கள் நிரலைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பிராஞ்ச் என்ற கிளைக்கு இருந்த, எஜமான் என்று பொருள்படும் 'மாஸ்டர்' என்ற பெயரை மாற்றி 'மெயின்' என்று வைக்கலாம் என்று போன வருடம் அவள்தான் சொன்னாள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கோயம்புத்தூரிலிருந்து வந்து ஐந்து மாதமே ஆன கயல் அதையே சொன்னதும் மேலாளர் சம்மதித்தார். திங்கட்கிழமை கயல் சர்வரில் பெயரை மாற்றினாள். எல்லோரும் அவளைப் பாராட்டினார்கள்.

அவரவர் கணினியில் செய்ய வேண்டியதை விளக்கிக் கயல் அனுப்பிய மின்னஞ்சலைக் கிளோறியா திறக்கவேயில்லை. புதன்கிழமை தன் வேலையை மாஸ்டருக்கே அனுப்பினாள். சர்வரில் இல்லாமல் போன பழைய பிராஞ்ச் மறுபடி முளைத்துவிட்டது.

கயல் அவள் மேசைக்கு வந்தாள். "அக்கா, உங்க லேப்டாப்ல இன்னும் பேரை மாத்தலையா?"

"மறந்துபோனன்" என்று கிளோறியா பொய் சொன்னாள்.

"பரவாயில்லக்கா, நான் காட்டுறேன்."

"வேண்டாம், எனக்குத் தெரியும்."

கிளோறியா தன் கணினியில் பிராஞ்சின் பெயரை மாற்றினாள், சர்வரிலிருந்து புதிய விவரங்களை எடுத்தாள், அதை சர்வரின் மெயினோடு இணைத்துத் தன் வேலையை அங்கே அனுப்பினாள். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. முளைத்த பிராஞ்சைக் கயல் சத்தமில்லாமல் நீக்கினாள். அதுதான் கிளோறியாவுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"இதை நான் போன வருசமே சொன்னனான்."

"அப்படியா அக்கா? எங்கிட்ட யாரும் சொல்லலையே."

கயல் பொய் சொல்லவில்லை என்று கிளோறியாவுக்குத் தெரிந்தது. ஆனாலும் மதியம் கயல் சாப்பிடக் கூப்பிட்டபோது, பசியில்லை என்று சொல்லிவிட்டாள்.