விரிவாகப் பேசிய உறுப்பினர்

எங்கள் கல்லூரிப் பாடத்திட்டக் குழுவின் கூட்டக் குறிப்பு எப்போதுமே கூட்டத்துக்கு முதல் நாளே தயாராகிவிடும். பத்தரைக்கு டீ, பதினொன்றுக்குக் கையெழுத்து, பன்னிரண்டுக்குப் பிரியாணி. சென்னையிலிருந்து வரும் பல்கலைக்கழகப் பிரதிநிதிக்கு ஒரு மணிக்கு ரயில். இதில் பேச யாருக்கு நேரம்?

அந்தக் குறிப்பைத் தட்டச்சு செய்வது நான்தான். பெயர் தமிழ்ச்செல்வி, விழுப்புரத்தில் பி.காம் வகுப்பெடுக்கிறேன். இந்த முறை கோபத்தோடுதான் தட்டினேன். இரண்டு வருடம் திண்டிவனம் விற்பனைக்கூடத்துக்கு அலைந்து, மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, மூட்டையாக வந்து இறங்குவதிலிருந்து ஏலம் போவதுவரை ஒரு பாடம் தயாரித்திருந்தேன். துறைத்தலைவர் வெங்கடாசலம் சார் சொல்லச் சொல்ல நான் அடித்த வரி இது: "வேளாண் சந்தை: உறுப்பினர்கள் விவாதித்து, பாடநூல் இல்லாததால் தள்ளிவைத்தனர்."

தள்ளிவைத்தால், பாடத்திட்டத்தை அடுத்து மாற்ற மூன்று வருடம் ஆகும். கெடாரிலிருந்தும் கோலியனூரிலிருந்தும் வரும் என் பிள்ளைகள் அதற்குள் பட்டம் வாங்கிப் போய்விடுவார்கள். பங்குச் சந்தைக்கு இரண்டு தாள் எழுதிவிட்டு, சொந்த வீட்டு மூட்டைக்கு எப்படி விலை வைக்கிறார்கள் என்று தெரியாமலே.

கீழே, வழக்கம்போல, "தொழில்துறை உறுப்பினர் திரு. முகம்மது கவுஸ் விரிவாகப் பேசினார்" என்று சேர்த்தேன். கவுஸ் பாய் கோட்டக்குப்பத்துக்காரர், எண்ணெய் மில் வைத்திருப்பவர். ஆறு வருடமாக விரிவாகப் பேசி வருகிறார், காகிதத்தில். நேரில் அவர் வாய் திறந்து நான் பார்த்ததெல்லாம் பிரியாணிக்குத்தான்.

மறுநாள் டீ வரத் தாமதம். சும்மா உட்கார்ந்திருந்த பாய், கண்ணாடியை மாட்டிக்கொண்டு குறிப்பைப் படித்துத் தொலைத்தார்.

"இன்னாங்க சார், விரிவா பேசினேன்னு போட்டுக்கீறீங்க? நான் இன்னும் வாயே தொறக்கலியே."

"அது வழக்கம்தாங்க பாய். ஜல்தியா கையெழுத்து போடுங்க, யூனிவர்சிட்டி சாருக்கு ரயிலுக்கு நேரமாவுது," என்றார் வெங்கடாசலம் சார்.

"பொய்யில எப்படிங்க கையெழுத்து போடறது? பேசிட்டே போட்டுடறேன்."

பேசினார். டீ வந்து ஆறி, பிரியாணி வந்து ஆறும்வரை பேசினார். "போன வருசம் ரெண்டு பி.காம் புள்ளைங்கள வேலைக்கு எடுத்தேன். ஷேர் மார்க்கெட்டு பத்தி அப்படிப் பேசுதுங்க. மல்லாட்டைய குலுக்கிப் பாத்து ஈரமா காய்ஞ்சதான்னு சொல்லத் தெரியல. ஏலத்துக்கு அனுப்பினா முழிச்சிக்கினு நிக்குதுங்க. அந்தப் பாடத்த போய் ஏங்க தள்ளி வெக்கிறீங்க?"

"புக்கு இல்லையே," என்று முனகினார் சார்.

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, பையிலிருந்த நூற்றிருபது பக்கத்தை எடுத்து மேசைமேல் வைத்தேன். "நோட்ஸ் நானே எழுதிட்டேங்க சார்."

பிரதிநிதி கடிகாரத்தைப் பார்த்தார். ரயில் போயிருந்தது. இனி என்ன அவசரம் என்று நிதானமாகப் பக்கங்களைப் புரட்டினார். என்னை மூன்று கேள்வி கேட்டார். இந்தக் கல்லூரியில் என் பாடத்தைப் பற்றி ஒருவர் என்னைக் கேட்ட முதல் கேள்விகள் அவை.

நாலு மணிக்குக் குறிப்பை மறுபடி திறந்தேன். "பாடநூல் இல்லாததால் தள்ளிவைத்தனர்" என்பதை அழித்து "ஒருமனதாக ஏற்றனர்" என்று அடிக்கும்போது அழுகையே வந்துவிட்டது. கவுஸ் பாய் வரியில் மட்டும் நான் கை வைக்கவில்லை.