மாப்பிள்ளையின் ரத்தம்

மாப்பிள்ளை இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. சோபாவை விட்டு இறங்காது, எல்லாம் இருக்கும் இடத்துக்கே வர வேண்டும் என்று எதிர்பார்க்கும். அதனால் பேராசிரியரின் மனைவி நாய்க்கு வைத்த பெயர் அது. நிஜ மாப்பிள்ளை வெளியூரில் இருந்ததால் ஆட்சேபம் எழவில்லை. இப்போது அது சோபாவில் ஏறுவதும் இறங்குவதும், கதவோரம் படுப்பதும், படுத்த இடம் பிடிக்காமல் எழுந்து திரிவதுமாக இருந்தது. ஈறு வெளுத்துக் காகிதம் போலாகிவிட்டது.

மனைவி அதன் காதை மடக்கிக் காட்டினாள். உள்ளே ஓர் உண்ணி, ரத்தம் குடித்து உப்பி, சாவகாசமாக உட்கார்ந்திருந்தது.

"ஊர்ல இருக்கிற உண்ணிக்கெல்லாம் சொந்தக்காரர் மாதிரி மேடையில பேசுறீங்க. வீட்டுக்குள்ள ஒண்ணு குடித்தனம் நடத்துது, தெரியல."

உண்ணியைப் பற்றி யார் எங்கே கூட்டம் போட்டாலும் நடு நாற்காலி பேராசிரியருக்குத்தான். உண்ணி கடத்தும் பபீசியா போன்ற ஓரணு ஒட்டுண்ணிகளை இனங்காண்பது எப்படி என்று அவர் எழுதிய புத்தகத்தை ஒரு கையால் தூக்க முடியாது. பின்னட்டையில் அவர் நுண்ணோக்கியில் கண் பதித்திருக்கும் படம். படம் எடுத்தபோது அதன் விளக்கு எரியவில்லை என்பது பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. பல வருடங்களாக மரபணுவைப் படிக்க இயந்திரம் இருந்தது, முடிவை எடுத்துவர மாணவர்கள் இருந்தார்கள், கையெழுத்துப் போட அவர் இருந்தார்.

தெருமுனை கால்நடை டாக்டரம்மா அவருடைய பழைய மாணவி. நாயின் காது ஓரத்தில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கண்ணாடித் துண்டில் இழுத்துவிட்டு, சாயம் போட்டு, நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்துவிட்டு எழுந்தாள்.

"பபீசியான்னுதான் சார் தோணுது. சிவப்பணுக்குள்ள என்னமோ இருக்கு. பெரிய வகையா, சின்ன வகையான்னு தெரியணும். பெரிசுன்னா ஊசிக்குக் கேக்கும். சின்னதுக்கு அந்த ஊசி ஒண்ணும் பண்ணாது, மாத்திரை வேற. மாத்திக் குடுத்து நாள் போச்சுன்னா இவன் தாங்க மாட்டான்."

"ரெண்டையும் சேத்துக் குடுத்தா?" என்றாள் மனைவி.

"இருக்கிற நிலைமைக்கு அதுவே ஆளைச் சாய்ச்சிரும்மா. நல்லவேளை, சாரே வந்துட்டாங்க. சார் ஒரு பார்வை பாத்தாப் போதும்."

இயந்திரம் இருக்கும் ஆய்வகத்துக்கு விடுமுறை. பேராசிரியர் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

முதலில் தெரிந்தது அவருடைய இமை முடி. திருகைத் திருப்பியதும் ஒரே ரோஜா நிற வெள்ளம். இன்னும் திருப்பியதும் வட்டம் வட்டமாக அணுக்கள், நடுவே சில கரும்புள்ளிகள். கண் சிமிட்டினார், புள்ளிகள் நகர்ந்தன. ஆக, அவை நாயுடையவை அல்ல.

"ம்ம்," என்றார்.

மனைவிக்கு அந்த 'ம்ம்' பழக்கமானது. அடுப்பு பற்றாதபோதும், காரில் வழி தவறியபோதும் அவர் அதைத்தான் சொல்வார்.

"சாயம் கொஞ்சம் தூக்கலா இருக்கேம்மா."

"வேற போடவா சார்?"

"வேணாம், வேணாம்."

எழுந்து ஜன்னலருகே போனார். அங்கே ஒட்டியிருந்த பூனைத் தீவன விளம்பரத்தை முழுவதும் படித்தார். திரும்பி வந்து உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். மேடையாக இருந்தால் 'மேலும் ஆய்வு தேவை' என்று முடித்துக் கைதட்டலும் வாங்கியிருப்பார். இங்கே மேஜைக்கடியில் மாப்பிள்ளை தரையைப் பிறாண்டிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தது. இரண்டில் ஒன்றைச் சொன்னால் என்ன? பிழைத்தால் தன் பெயர். பிழைக்காவிட்டால் நோய் முற்றிவிட்டது.

"பெரிசுதான்னு..." என்று ஆரம்பித்தார்.

"அப்ப ஏத்திடலாம் சார்," என்று டாக்டரம்மா மருந்துப் புட்டியை எடுத்துவிட்டாள். ஒரு கேள்வி கிடையாது, ஒரு சந்தேகம் கிடையாது. மாப்பிள்ளை அவர் செருப்பின் மேல் மோவாயை வைத்து மூச்சு வாங்கியது.

"இரும்மா. எனக்குத் தெரியல."

"சார்?"

"தெரியலம்மா. இதுக்குள்ள பாத்துப் பல வருஷம் ஆச்சு. எது பூச்சி, எது தூசின்னே பிடிபடல."

டாக்டரம்மா புட்டியைக் கீழே வைத்தாள். "எனக்கும் சந்தேகம்தான் சார். நீங்க சொன்னாச் சரியா இருக்கும்னு பேசாம இருந்துட்டேன்."

மனைவி சேலையைச் சொருகிக்கொண்டு, "தள்ளுங்க. எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு," என்று உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். "வட்டம் வட்டமா இருக்கு. எல்லாம் காலி."

"எந்த இடத்தை வச்சிருக்க?" என்று பேராசிரியர் டாக்டரம்மாவைக் கேட்டார்.

"நடுவுல சார்."

"நடுவுல எதுக்கும்மா? ஓரத்துக்குப் போ. ரத்தத்தை இழுத்துவிட்டா, பெரிய வகை புகுந்த அணு ஓரத்துலதான் ஒதுங்கும். வகுப்புல சொன்னேனா இல்லையா?"

"சொல்லியிருப்பீங்க சார். நான் அன்னைக்கு வரல."

கண்ணாடித் துண்டு நகர்ந்தது. மனைவி மூச்சை அடக்கினாள்.

"இந்தா, ஒரு வட்டத்துக்குள்ள ரெண்டு. சொட்டு வடிவத்துல. மூக்கோட மூக்கு ஒட்டிக்கிட்டு, சண்டை போட்டுச் சமாதானமான புருஷன் பொண்டாட்டி மாதிரி."

"நீளம்? வட்டத்துல பாதியைத் தாண்டுதா?"

"தாண்டுது."

"ஒண்ணை வச்சு முடிவு பண்ணாத. இன்னொண்ணு தேடு."

"இதோ. இங்கயும் ஜோடி."

டாக்டரம்மா பார்த்தாள். அவளுக்கும் ஜோடிதான். பெரிய வகை. எதுவும் பிடிபடாமலேயே அவர் சொல்லவிருந்ததும் அதுதான். அதில் அவருக்கு ஆறுதல் கிடைக்கவில்லை.

ஊசி போட்டுவிட்டு டாக்டரம்மா சொன்னாள்: "இனி ஒண்ணுக்குப் போறதைக் கவனிங்க. அணு உடையறதால டீ மாதிரி போகும். வெளுத்துக்கிட்டே வந்தா தப்பிச்சான்."

மறுநாள் காலை பேராசிரியர் தெருவில், வாரைப் பிடித்துக்கொண்டு, நாய்க்குப் பின்னால் குனிந்தபடியே போனார். மாப்பிள்ளை ஒவ்வொரு கம்பத்தையும் முகர்ந்து, யோசித்து, நேர்காணல் குழு போல நிராகரித்தது.

"என்ன சார், தெருவுலயே ஆராய்ச்சியா?" என்றார் எதிர்வீட்டு வக்கீல்.

"ஆமா. நகருங்க, வெளிச்சத்தை மறைக்கிறீங்க."

வெள்ளைச் சுவரோரம் நாய் காலைத் தூக்கியது. பேராசிரியர் கல்லூரிக்குப் போட்டிருந்த கால்சட்டையோடு மண்டியிட்டார். நேற்று ராத்திரி இருந்ததைவிட வெளுப்பாகத் தெரிந்தது. அப்படித் தெரிய வேண்டும் என்று ஆசைப்பட்டதால் தெரிகிறதோ என்னவோ.

"ஏய், இங்க வா," என்று வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "நீயும் ஒரு தடவை பாத்துச் சொல்லு."

மனைவி வந்து சேர்வதற்குள், தீர்ப்புக்குக் காத்திராமல், மாப்பிள்ளை அவரை அடுத்த கம்பத்துக்கு இழுத்துக்கொண்டு போனது.