மண்டபத்துக்கு அடியில் ரயில்

கணேஸ் வந்திருப்பதாக என் அண்ணன் ரஸீன் நானா சொன்னபோது, "அவரப் போகச் செல்லுங்க" என்றேன்.

நான் இத்தாவில் இருக்கிறேன். கணவனை இழந்தவள் அந்தக் காலம் முடியும்வரை அந்நிய ஆண்கள் முன்னால் வரமாட்டாள் என்பது கணேஸுக்குத் தெரியாததல்ல. எங்கள் வீட்டு நோன்புக் கஞ்சியை எத்தனை வருஷம் குடித்திருப்பார்!

"கலஹாவிலிருந்து பஸ் மாறி மாறிக் குண்டசாலைக்கு வந்தீக்கிறார், அனீஸா," என்றார் நானா. "மூஞ்சப் பாத்தா பாவமா ஈக்குது. திரைக்குப் பின்னால ஈந்து ரெண்டு வார்த்த பேசுங்களேன்."

பாவமாம். என் ஹாஷிமை மண்ணுக்குள்ளிருந்து எடுத்தபோது பாவம் பார்க்க யாரும் இருக்கவில்லை. ஆனாலும் எழுந்து போய் நடுக்கதவுத் திரைக்கு இந்தப் பக்கம் கதிரையைப் போட்டு உட்கார்ந்தேன். ஹாஷிம் கடைசியாக அவரிடம் என்ன பேசினார் என்று எனக்கும் ஒரு கேள்வி இருந்தது.

ஹாஷிமும் கணேஸும் அறிமுகமானதே ஒரு சண்டையில்தான். கண்டியில் ஒரு நூலகம் தன் பழைய இசைத்தட்டுகளை மலிவு விலைக்குத் தள்ளிவிட்ட நாளில், ஒரே தட்டை இருவரும் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று நின்றார்களாம். என் கணவர் அலவத்துகொடையில் பாமசி வைத்து மருந்து விற்றவர். கணேஸ் கலஹாத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, பேராதனைப் பல்கலைக்கழக வளாகத்தில் ஆய்வுகூட வேலை பார்ப்பவர். இருவருக்கும் பிடித்திருந்த பைத்தியம் ஒன்றுதான். எந்தக் காலத்திலோ ஒரு ஜெர்மன்காரன் எழுதிய ஒரு சிம்பொனி. அதை உலகத்தில் எந்தெந்த வாத்தியக் குழு எந்தெந்த வருஷம் வாசித்ததோ அத்தனையையும் தேடிப் பிடித்து, எது ஒசத்தி என்று அடித்துக்கொள்வார்கள்.

ஹாஷிமுக்குப் பழையதுதான் உயிர். யுத்த காலத்தில் பதிவானது, மெதுவாகப் போவது, நடுவில் யாரோ இருமுவது. "அந்த இருமல் ஈக்குதே, அதுதான் உசிரு," என்பார். கணேஸுக்குச் சுத்தமாக, விறுவிறுவென்று போக வேண்டும். "ஒங்க ஆளு வாசிக்கயிலயே தூங்கிட்டாருங்க நானா," என்பார் அவர். "ஒங்கட ஆளு கடைசி பஸ்ஸப் புடிக்க ஓடுறான்," என்பார் இவர். எனக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் கேட்டது. அதன் இரண்டாம் பகுதி அடித்தொண்டையில் மெல்ல மெல்ல இழுக்கும். பிணம் தூக்கிப் போகிற மாதிரி இருக்கிறது என்று அதற்கு நான் மையத்து மெட்டு என்று பெயர் வைத்திருந்தேன். ஹாஷிம் சிரிப்பார். இப்போது அந்தப் பெயரை நினைத்தால் என் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

போன் வந்த பிறகு அது விளையாட்டாகவே ஆகிவிட்டது. ஒருவர் அந்த இசையில் ஒரு சிறு துண்டைப் போட்டு, போனில் பதிந்து அனுப்புவார். எந்த ஊர்க் குழு, எந்த வருஷம் என்று மற்றவர் கண்டுபிடிக்க வேண்டும். லண்டனில் ஒரு மண்டபத்துக்கு அடியில் ரயில் ஓடுமாம். அங்கே பதிந்த எதிலும், வாத்தியங்கள் தணியும் இடத்தில், அடியில் ஓர் உறுமல் வருமாம். அந்த உறுமலைப் பிடித்துவிட்டால் கணேஸுக்குப் பெருநாள்தான்.

மழை விடாமல் பெய்த அந்த நாட்களில் நானும் மகள் ருஷ்தாவும் இங்கே நானா வீட்டுக்கு வந்துவிட்டோம். மேலே மலையில் வெடிப்பு இருக்கிறது, பள்ளிக்கூடத்துக்குப் போங்கள் என்று கிராம சேவகர் சொல்லியிருந்தார். பாமசியில் தண்ணீர் ஏறிவிடும் என்று ஹாஷிம் மட்டும் வீட்டிலேயே தங்கினார். "மஃரிப் தொழுதுட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போறன்," என்று எனக்குச் சொன்னார். மஃரிபுக்குப் பிறகு, இருட்டியதும், மலை சரிந்து வந்தது. எங்கள் வீட்டு முன்னறையில், ஸ்பீக்கர் பக்கத்தில்தான் அவரை எடுத்தார்கள். மவுத்தாகும் நேரத்திலும் பாட்டா என்று சிலர் முணுமுணுத்ததும் என் காதில் விழுந்தது. மற்றவர்கள் எல்லோரும் ஒரே ஆறுதலைத்தான் சொன்னார்கள்: "ஒண்டும் தெரிஞ்சீக்காது. ஒரு நொடிதான்." அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நான் சோறு தின்கிறேன்.

"அக்கா," என்றார் கணேஸ் திரைக்கு அந்தப் பக்கம். "அன்னிக்கு ஹாஷிம் நானா எனக்கு ஒரு துண்டு அனுப்பினாருங்க. அத ஒங்ககிட்ட சொல்லாம என்னால இருக்க முடியல."

"போடுங்க," என்றேன்.

முதலில் ஹாஷிமின் குரல் வந்தது. "கணேஸ், கரண்ட் போய் ரெண்டு நாளாகுது. பெட்டரி ஸ்பீக்கர்லதான் போடுறன். யாரெண்டு செல்லுங்க பாப்பம்." நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். குரலை இவ்வளவு கிட்டத்தில் கேட்பேன் என்று நினைக்கவில்லை. பிறகு மையத்து மெட்டு. இழுத்து இழுத்துப் போய், ஓரிடத்தில் தணிந்தது. அங்கே, அடியில், ஓர் உறுமல். தூரத்தில் லொறி ஏறுவது மாதிரி. அத்தோடு துண்டு முடிந்தது.

"நான் ஒடனே பதில் போட்டேங்க," என்றார் கணேஸ். "லண்டன், அடியில ரயில் ஓடுதுன்னு. பெருமையா போட்டேன். அதுக்கு நானா இத அனுப்பினாரு."

மறுபடி ஹாஷிம். "ரயிலா? என்ட ரெக்கோர்டிங்ல ரயில் இல்லியே. பொறுங்க, இன்னொருக்காப் போட்டுக் கேட்டுட்டுச் செல்றன்."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு எதுவும் இல்லை.

"அது மலைங்க அக்கா." கணேஸ் அழத் தொடங்கிவிட்டார். "நான் ரயிலுன்னு சொல்லாம, நானா அது என்ன சத்தம், வெளிய பாருங்கன்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா, அவரு எந்திரிச்சுப் போயிருப்பாரு. ஒக்காந்து மறுபடி கேக்க வச்சது நான்தாங்க."

"முதல் துண்ட இன்னொருக்காப் போடுங்க," என்றேன். இந்த முறை நான் மெட்டைக் கேட்கவில்லை. வீட்டைக் கேட்டேன். உறுமலுக்கு மேலே, மெல்லிசாக, கிண்கிண் என்று ஏதோ ஆடியது. கணேஸ் அதைச் சொல்லவே இல்லை. அவருக்கு அது வாத்தியமாகப் பட்டிருக்கும். எனக்குத் தெரியும். அலுமாரியில் நான் அடுக்கி வைத்திருந்த தேத்தண்ணிக் கோப்பைகள் அவை. என் கல்யாணத்துக்கு வந்தவை. வீடு ஆடியிருக்கிறது. என் கணவர் தலையைச் சாய்த்துக்கொண்டு மெட்டு கேட்டிருக்கிறார்.

ஆமாம், நீங்கள்தான், என்று சொல்லிவிட வாய் வரை வந்தது. சொல்லியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். கணேஸ் மேல் இரக்கப்பட்டு நிறுத்தவில்லை. அந்த இரக்கம் இன்றைக்கும் எனக்கு வரவில்லை. அது மலை என்றால், ஹாஷிமுக்கு எழுந்து கதவைத் திறக்க நேரம் இருந்தது. ஒரு நொடி இல்லை, நேரம் இருந்தது. அதை வைத்துக்கொண்டு நான் எப்படிச் சோறு தின்பேன்?

"அது எங்கட பழைய ஃப்ரிஜ்," என்றேன். "ஓடத் தொடங்கினா அப்படித்தான் உறுமும். பக்கத்து அலுமாரில கோப்பையெல்லாம் ஆடும். நல்லாக் கேளுங்க, கோப்பச் சத்தம் கேக்கும்."

மறுபக்கத்தில் அழுகை நின்றது. மூன்றாம் முறையாகத் துண்டு ஓடியது. கோப்பைகள் ஆடின.

"கேக்குதுங்க," என்றார். பிறகு மெதுவாக, "அப்ப நானா ஏன் மறுபடி கேக்கணும்னாரு? சொந்த வீட்டு ஃப்ரிஜ் சத்தம் தெரியாதுங்களா?"

"அவருக்கு வீட்டுச் சத்தம் எது கேட்டீக்குது? ருஷ்தா அழுதாலும் நான்தான் எழும்பணும். பாட்டு மட்டுந்தான் கேக்கும்." இதில் பொய் கொஞ்சமும் இல்லை.

கணேஸ் எழுந்திருக்கிறார் என்பது கதிரை நகர்ந்ததில் தெரிந்தது. ரஸீன் நானா அவரை வாசல்வரை கூட்டிப் போனார். செருப்பை மாட்டும் சத்தம் கேட்டது. பிறகு அந்தச் சத்தமும் நின்றது.

"அக்கா," என்று வாசலிலிருந்தே கூப்பிட்டார். "அன்னிக்குக் கரண்ட் இருந்துச்சுங்களா?"

ஹாஷிமின் குரலை இதே மனிதர்தான் எனக்கு மூன்று முறை போட்டுக் காட்டினார். மூன்று முறையும் அது தொடங்கியது, கரண்ட் போய் ரெண்டு நாளாகுது என்ற அதே வார்த்தைகளில்தான்.

"ஈந்திச்சு," என்றேன்.

மற்றச் செருப்பையும் மாட்டும் சத்தம் கேட்டது. உலகத்தின் எந்த மூலையில் வாசித்தாலும் அடியில் ஓடும் ரயிலைப் பிடித்துவிடும் காது கணேஸுடையது.

"அப்ப ஃப்ரிஜ்தாங்க அக்கா," என்றார் கணேஸ். கேற்றைச் சாத்திவிட்டுப் போனார்.