முதல் வரிசைக்கு ஒரு பானெட்

ஆயர் ஈத்தாமில் ஆண்டுதோறும் நடக்கும் பழைய கார் கண்காட்சியில், கமலாம்பிகையின் கறுப்புப் பெர்டானா காரைச் சென்ற ஆண்டு கழிவறைக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். அதற்கு முந்தைய ஆண்டும் அங்கேதான். முதல் வரிசை பத்துக் கார்களுக்கு மட்டும். பெயிண்டை டார்ச் அடித்துப் பார்த்தே இடம் தருவார்கள். இரண்டு முறையும் அவள் காரின் முன்மூடியான பானெட்டில் சிலந்தி வலைபோல ஒன்று தெரிந்தது. நிழலில் தெரியாத, விரலுக்கும் தட்டாத மெல்லிய கீறல்கள். வெளிச்சம் பட்டதும் வட்ட வட்டமாக மின்னின.

குற்றவாளி யார் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இருந்ததில்லை. அவள் ஊரான யோங் பெங்கில் கார் கழுவும் கடைகள் மூன்றை மாற்றியிருந்தாள். மூன்றிலும் அழுக்குத் துணியைப் பற்றி, குரல் உயர்த்தாமல், ஒன்றுவிடாமல் பேசிவிட்டு வந்திருந்தாள். நில அலுவலகத்தில் வரைபடங்களின் பிழைகளைக் கண்டுபிடிப்பது அவள் வேலை.

இந்த ஆண்டு மற்றவர் கையை நம்புவதாயில்லை. கண்காட்சியன்று காலை ஏழு மணிக்கு, தம்பியிடம் இரவல் வாங்கிய பாலிஷ் மெஷினை வீட்டு முற்றத்தில் வைத்துவிட்டு, டார்ச்சோடு காரைச் சுற்றி வந்தாள். பத்து மணிக்குள் அங்கே இருக்க வேண்டும்.

கதவுகள் சுத்தம். கூரை சுத்தம். பின்பக்கமும் சுத்தம். வலை பானெட்டில் மட்டும்.

"ஏன் கமலா, மூணு கடைக்காரனும் பானெட்டை மட்டுந்தான் கழுவுனானா?" என்றார் கணவர் தயானந்தன், வாளியில் தண்ணீர் பிடித்தபடி.

அவள் குனிந்து பார்த்தாள். வட்டங்கள் எல்லாம் ஒரே இடத்தைச் சுற்றியிருந்தன. வெள்ளிக்கிழமைதோறும் அவள் விபூதி வைக்கும் இடம். புதியது வைக்கும் முன் பழையதைத் துடைப்பாள்: சலவை செய்த பருத்தித் துண்டால், ஈரமில்லாமல், சுற்றிச் சுற்றி, மிகுந்த அன்போடு. பன்னிரண்டு ஆண்டுகளாக, அந்தச் சாம்பலின் நுண்துகள்களைப் பெயிண்டில் தேய்த்து வந்திருக்கிறாள்.

"நான்தான்," என்றாள்.

தயானந்தனுக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. புரிந்ததும் வாளியைக் கீழே வைத்துவிட்டுத் தலையில் கைவைத்தார். "அலமாக். அப்போ மூணு கடைக்கும் போய் மன்னிப்பு கேக்கணும்."

"திங்கக்கிழமை கேக்கறேன். இப்ப தண்ணி ஊத்துங்க."

பானெட்டை இருமுறை கழுவி உலர்த்தினாள். ஒரு மூலையில் டேப் ஒட்டி ஒரு சாண் சதுரத்தைப் பிரித்து, மெஷினின் மென்மையான ஸ்பாஞ்சில் நான்கு சொட்டுப் பாலிஷ் வைத்தாள். குறைந்த வேகம், மெஷினின் எடையைத் தவிர வேறு அழுத்தம் இல்லை. இடமிருந்து வலமாக, பிறகு மேலிருந்து கீழாக. துடைத்துவிட்டு டார்ச்சை அடித்தாள்.

டேப்புக்கு வெளியே சிலந்தி வலை. உள்ளே டார்ச்சின் பல்பு ஒரே ஒரு புள்ளியாக, ஆழத்தில், அசையாமல் நின்றது.

"இங்க வாங்க. இதைப் பாருங்க. இல்ல, அங்க நின்னு இல்ல, குனிஞ்சு."

அவர் குனிந்தார். தன் மூக்கைப் பார்த்தார். "நரைச்சிருக்கு," என்று மீசையைத் தடவிக்கொண்டார்.

அதன்பின் அவளால் மெதுவாகச் செய்ய முடியவில்லை. அடுத்த பகுதியில் கை தானாக அழுத்தியது.

"கமலா, மாவா அரைக்கிற?"

துடைத்தாள். கீறல் போயிருந்தது, அதன் இடத்தில் பால் படிந்ததுபோல் ஒரு மங்கல். பெயிண்ட் உள்ளங்கையைச் சுட்டது. மெஷினை அணைத்தாள். மணி எட்டரை. பெயிண்ட் ஆறும்வரை ஸ்பாஞ்சை மாற்றினாள், நூறுவரை எண்ணத் தொடங்கினாள், எண்பதில் பொறுமையிழந்து தொட்டுப் பார்த்தாள், மீண்டும் ஒன்றிலிருந்து எண்ணினாள். பிறகு இறகு வைப்பதுபோல் மெஷினை வைத்தாள். மங்கல் கரைந்தது. கறுப்பு திரும்பி வந்தது.

ஒன்பது பத்துக்குக் கடைசி மூலையும் முடிந்தது. உடையை மாற்றக்கூட மறந்து, கணவரோடு காரில் ஏறினாள்.

கண்காட்சியில் டார்ச் பிடித்தவர் அய்யாவு, செடெனாக்கில் பட்டறை வைத்திருக்கும் பெயிண்டர். பானெட்டில் ஒளியை நேராக அடித்தார், சாய்த்து அடித்தார், மறுபக்கம் போய்த் தரையளவு குனிந்து அடித்தார்.

"போன வருஷம் இந்த வண்டி டாய்லெட் பக்கந்தானே?"

"அதுக்கு முந்தின வருஷமும்," என்றார் தயானந்தன், உதவியாக.

"அப்ப கீறல் நெறைய இருந்துச்சே. யாரு கெடுத்தா?"

மூன்று கடைகளின் பெயர்களும் நாக்கு நுனியில் தயாராக இருந்தன. "நான்தான்," என்றாள்.

"சரி பண்ணது?"

"அதும் நான்தான். இன்னிக்குக் காலையில."

அய்யாவு அவளுடைய சட்டையில் தெறித்திருந்த பாலிஷைப் பார்த்தார். டார்ச்சை அணைத்தார். "முதல் வரிசை, மூணாவது எடம். மெதுவா ஏத்துங்கம்மா."

முப்பது மீட்டர்தான். இரு கைகளாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அவள் ஆக்சிலரேட்டரை மிதித்தாள். எஞ்சின் இரைந்தது, கார் நகரவில்லை. மீண்டும் மிதித்தாள்.

"ஹேண்ட்பிரேக்கை எடு லா," என்றார் தயானந்தன்.