பெட்டிக்குப் பெட்டி வழியில்லாத வண்டி

1

“போவாண்டாம். வண்டிய எடுத்துருவான்.”

“எடுத்தா எடுக்கட்டுமேட்டி. சாப்பாட்டுப் பெட்டியும் இதே வண்டிலதான—”

“மடில கட்டுச்சோறு இருக்கு, கருவாட்டுத் தொவையல் இருக்கு, நான் சொல்லுத—”

“—ஒருநாளு வெள்ளத்துணி விரிச்ச மேசைல இருந்து திங்கட்டுமே மனுசன்!”

“அப்பம் நானும் வாறேன்.”

“நீயும் வந்தா மூட்டைய ஆரு பாப்பா? உங்கப்பனா?”

ஞானையா இறங்கி நடைமேடையில் ஓடினார். அவர் மனைவி பாக்கியத்தாய் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி [அழுதாள் என்று எழுதி அடித்தாயிற்று. அவள் அழுகிறவள் இல்லை.] பார்த்துக்கொண்டே

2

ஒளிக்காமல் சொல்லிவிடலாம். இந்தக் கதை ஒரு கடலை மிட்டாயில் பிறந்தது. மேலே சண்டை போடுகிறவர்கள் வெறும் கற்பனை. எழுதுகிறவள் பெயர் தங்கபுஷ்பம். ‘நான்’ என்றே எழுதலாம். மகள் படித்தால் மனம் நோவாள், அதனால் ‘அவள்’.

மகள் சுபிஷா துபாயில் நர்ஸ். தங்கபுஷ்பம் விசிட் விசாவில் வந்து, அங்கே கராமா என்கிற பகுதியில் மகளோடு இருக்கிறாள். மெட்ரோவில் மிட்டாயைப் பிரித்தபோது சுபிஷா கையைப் பிடித்தாள்.

“எம்மா, உள்ள வையி. இங்க ரயில்ல திங்கப்பிடாது. ஃபைன் போடுவான்.”

“மிட்டாய்க்குமா?”

“தண்ணி குடிச்சாலும்.”

“அப்பம் ரயில்ல மொதமொதல்ல தின்னவன் ஆரு?”

“அத கூகுள்ட்ட கேளு. எனக்கு டூட்டிக்கு நேரமாச்சு.”

கேட்டாள். ஆரம்ப காலத்தில் வண்டிக்குள் சாப்பாடே கிடையாதாம். நின்ற ஊரில் இறங்கி, வாய் வெந்துபோக விழுங்கிவிட்டு ஓடிவந்து ஏற வேண்டும். பிறகு சாப்பாட்டுக்கென்றே ஒரு பெட்டியைக் கோத்தார்கள்.* ஆனால் பல வண்டிகளில் பெட்டிக்குப் பெட்டி உள்வழி இல்லை. ஒரு நிலையத்தில் இறங்கி அதில் ஏறினால், அடுத்து வண்டி நிற்கும்வரை அங்கேதான். தின்று முடித்தாலும் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

ஒரே வண்டி. அங்கே ஒருவர், இங்கே ஒருத்தி. தங்கபுஷ்பம் போனைக் கவிழ்த்து வைத்தாள். அப்போதுதான் அந்த இரண்டு குரல்களும் கேட்டன. அவளுக்குக் கதை கண்ணில் தெரியாது, காதில்தான் விழும்.

(* எந்த ஆண்டு, எந்த ஊர் என்று கேட்காதீர்கள். படித்தாள், மறந்துவிட்டாள். ஆண்டுகள் பேசுவதில்லை.)

3

சிக்கல் பாக்கியத்தாயால் வந்தது. புருஷன் சாப்பிட்டாரென்று தெரியாமல் அவள் கை நனைக்கமாட்டாள். சாப்பிட்டாரா இல்லையா என்று எப்படித் தெரியும்? நடுவில் நாலைந்து பெட்டிகள், எல்லாவற்றுக்கும் சுவர்.

ஞானையா மீதும் சந்தேகம் வருகிறது. அவ்வளவு வாய் பேசியவர், வெள்ளைத்துணி மேசையில் தனியாக உட்கார்ந்ததும் ரொட்டியைப் பிட்டுப் பிட்டு வைத்துக்கொண்டு

[இது ரொம்ப நல்லவராக இருக்கிறது. ஒரு முடிவில் அவர் வயிறாரத் தின்றுவிட்டுத் தூங்கிவிடட்டும். இன்னொரு முடிவில், கைக்குட்டையில் அவளுக்கு ரொட்டி கொண்டுவரட்டும். இரண்டையும் எழுதிப் பார்த்தாயிற்று. இரண்டிலும் பாக்கியத்தாய் வாயே திறக்கவில்லை.]

4

வெள்ளிக்கிழமை. இன்றைக்கு மத்தியானம் சேர்ந்து சாப்பிடலாம் என்று சுபிஷா வாக்குக் கொடுத்திருந்தாள். அடுத்த வாரம் தங்கபுஷ்பம் ஊருக்குப் போகிறாள்; வந்ததிலிருந்து மகளோடு ஒருவேளைகூட உட்கார்ந்து சாப்பிடவில்லை. அதற்காகத்தான் வந்ததே. காலையில் போன் வந்தது, யாரோ லீவாம். சுபிஷா டிபன் டப்பாவை அடைத்துக்கொண்டு ஓடினாள். நெத்திலிக் குழம்பும் இரண்டு தட்டும் மேசையில் மூடியபடியே இருந்தன.

மத்தியானம் போன்.

“எம்மா, சாப்ட்டியா?”

“சாப்ட்டேன் மக்ளே. நீ?”

“இப்பந்தான் சாப்ட்டேன். மீன் நல்லாருந்துச்சு.”

“உப்பு கூடிப்போச்சோ?”

“இல்லம்மா, கரெக்டா இருந்—” பின்னால் யாரோ “சிஸ்டர், யல்லா, யல்லா” என்று அவசரப்படுத்தினார்கள். போன் நின்றது.

தங்கபுஷ்பம் எழுந்துபோய்க் குழம்பை ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கினாள். உப்பே போடவில்லை.

5

வண்டி அடுத்த நிலையத்தில் நிற்கிறது. ஞானையா இறங்கி ஓடிவருகிறார். பாக்கியத்தாய் என்ன கேட்பாள்? ‘சாப்பிட்டீயளா?’ என்றுதான் கேட்பாள் என்று எழுதி, அடித்தாள். அந்தக் கேள்விக்கு நம் எல்லோரிடமும் ஒரே பதில்தான் இருக்கிறது. பசித்தவரும் அதையேதான் சொல்வார்.

வேறு கேள்வி வேண்டும். அவர் ஜன்னலருகே வந்துவிட்டார், மூச்சு வாங்குகிறது, அவள் கம்பிக்கு இந்தப் பக்கம் வாயைத் திறந்து

கதவில் சாவி திரும்பியது. சுபிஷா யூனிபாரத்தோடே வந்து நின்றாள். மூடியிருந்த இரண்டு தட்டுகளையும் பார்த்தாள். தங்கபுஷ்பம் அவள் தோளிலிருந்து பையை வாங்கினாள். டிபன் டப்பா காலையில் கனத்தது போலவே கனத்தது.

“சாப்ட்டேன்னு சொன்னேன்லாம்மா,” என்றாள் சுபிஷா, யாரும் கேட்காமலே.

வாசிக்கிறவர்களே, பாக்கியத்தாய் வாய் திறந்தபடி நிற்கிறாள். அவளுக்கு ஒரு கேள்வியை நீங்கள்தான் கொடுக்க வேண்டும். தங்கபுஷ்பத்துக்குத் தன் கேள்வி கிடைத்துவிட்டது.

“அங்க ஒங்கூட இருந்து திங்கதுக்கு ஆராவது உண்டுமா மக்ளே?”