மிச்சம் விட்ட கயிறு

கிரேன்காரி எந்தச் சுமையையும் கட்டியதைத் தொட்டுப் பார்க்காமல் தூக்கமாட்டாள். கீழே எத்தனை பேர் கட்டியிருந்தாலும் சரி, இறங்கி வந்து ஒவ்வொரு பெல்ட்டையும் கையால் இழுத்துப் பார்த்த பிறகுதான் மேலே ஏறுவாள். "மாடு வாங்க வந்தவ மாதிரி தடவிப் பாக்குறா" என்று மேஸ்திரி கேலி செய்வார். ஆனால் அவள் தூக்கியது எதுவும் இதுவரை யார் தலையிலும் விழுந்ததில்லை.

அன்று தூக்க வேண்டியது நாற்சந்தியில் நின்ற சிலை. சாக்கடைக் குழாய் பதிக்க அங்கே தோண்டப் போகிறார்கள். சிலை நூலக வாசலுக்குப் போகிறது.

முன்னொரு காலத்தில் வெள்ளம் பாலத்தை அடித்துக்கொண்டு போனபோது, இந்தக் கரையில் இருந்தவர்கள் ஒரே கயிற்றைப் பிடித்து அந்தக் கரையில் மாட்டியவர்களை இழுத்துச் சேர்த்தார்களாம். அதைத்தான் இரும்பில் செய்து வைத்திருந்தார்கள். ஆணும் பெண்ணுமாக வரிசையாக நின்று இழுக்கிறார்கள். கடைசி ஆளுக்குப் பின்னாலும் கயிறு கொஞ்சம் நீண்டிருக்கும். சிற்பி வேண்டுமென்றே விட்ட மிச்சம். சிலை முழுக்கக் கறுத்துப்போய்விட்டது. அந்த மிச்சம் மட்டும் கை பட்டுப் பட்டு மின்னும்.

ஊருக்குப் புதிதாக வருகிறவர் அதைப் பிடிக்க வேண்டும். தானாகப் போய்ப் பிடித்தால் செல்லாது. ஊர்க்காரர் ஒருவர் அவர் கையை எடுத்து அதன்மேல் வைக்க வேண்டும். குடிவந்தவர், வேலைக்கு வந்தவர், கல்யாணம் கட்டிக்கொண்டு வந்தவர், எல்லோருக்கும் அதே வழக்கம்தான். "கயிறு புடிச்சாச்சா?" என்று கேட்டால் "நீ நம்ம ஆளா?" என்று அர்த்தம்.

கிரேன்காரி இந்த ஊருக்கு மருமகளாக வந்து ஒன்பது வருஷம். இன்னும் பிடிக்கவில்லை.

சண்டை சச்சரவு எதுவும் இல்லை. வந்த அன்று மழை கொட்டியது. "நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றார்கள். அம்மா கூட்டிப்போயிருப்பாள் என்று கணவன் நினைத்தான். மகன் கூட்டிப்போயிருப்பான் என்று மாமியார் நினைத்தாள். இவளாவது வாயைத் திறந்து கேட்டிருக்கலாம். கேட்டு வாங்கினால் அதற்கு என்ன மதிப்பு என்று அவளும் விட்டுவிட்டாள். அந்த நாற்சந்தியைக் கடக்கும்போது மட்டும் எதிர்ப்பக்கமாகவே நடப்பாள்.

கட்டு முடிந்தது. கடைசி பெல்ட்டை அந்த மிச்சத்தில்தான் சுற்றியிருந்தார்கள். இல்லாவிட்டால் தூக்கும்போது முனை ஆடி, பற்றவைத்த இடம் விட்டுவிடும். தடுப்புக்கு வெளியே பாதி ஊர் நின்று வேடிக்கை பார்த்தது. அவள் இறங்கி வந்து ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தாள். கடைசி பெல்ட்டின் முன்னால் நின்றுவிட்டாள்.

"இத நீங்க பாத்துருங்கண்ணே."

"என்னம்மா இது? நீ தொடாமத் தூக்கமாட்டியே!"

"இதத் தொட முடியாது."

"ஏன், கடிக்குமா?"

"எனக்கு யாரும் கை வெச்சு விடல."

மேஸ்திரி கிட்டே வந்தார். பிறகு மெதுவாக, "நானும் வெளியூர்தான். வாடகைக்கு விட்ட வீட்டுக்காரர் வெச்சு விட்டாரு. வேணும்னா நான் வெக்கவா?" என்றார்.

"எங்க வீட்ல ஆளில்லையாண்ணே?"

அவர் தடுப்பைப் பார்த்துத் திரும்பினார். மெதுவாகப் பேசுவது அவருக்கு அதோடு முடிந்தது. "டெய்லரம்மா! உங்க மருமக இன்னும் கயிறே புடிக்கலியாமே!"

கழுத்தில் அளவு டேப்போடு நின்ற மாமியார் பக்கத்தில் நின்ற மகனைப் பார்த்தாள்.

"டேய், நீ கூட்டிட்டுப் போகல?"

"நீ போயிருப்பேன்னு நெனச்சேன்மா."

"ஒன்பது வருஷமாவா நெனச்ச?"

கூட்டத்தில் ஒருவன் சிரித்தான். "சிரிக்கிறவன் சட்டைக்கு இனிமே நான் பட்டன் தெக்கமாட்டேன்" என்றாள் மாமியார். சிரிப்பு நின்றது.

தடுப்புக்கு அடியில் குனிந்து உள்ளே வந்தாள். "ஹெல்மெட் இல்லாம வரக் கூடாதும்மா" என்றார் மேஸ்திரி. அவர் தலையில் இருந்ததையே கழற்றித் தன் தலையில் கவிழ்த்துக்கொண்டாள். அது கண் வரைக்கும் இறங்கியது.

"ஏண்டி, கேக்கறதுக்கு என்ன? வாயில கொழுக்கட்டையா?"

"கேட்டு வாங்கற விஷயமா அத்தை அது?"

மாமியார் டேப்பின் நுனியை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள்.

"இல்லதான்" என்றாள். குரல் இறங்கியிருந்தது. "நீ எப்பவும் எதிர்ப்பக்கமாப் போறதப் பாத்திருக்கேன். நெழலுக்காகன்னு நெனச்சேன்."

மருமகள் கயிற்றின் பக்கம் ஒரு அடி எடுத்து வைத்தாள்.

"கையுறையக் கழட்டு."

ஊசி குத்திக் காய்த்த விரல்கள் அவள் மணிக்கட்டைப் பிடித்தன. உள்ளங்கையைக் கயிற்றில் வைத்து, அதன்மேல் மாமியார் தன் கையையும் வைத்து அழுத்தினாள். இரும்பு சில்லென்று இருக்கும் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தாள் கிரேன்காரி. வெயிலில் சூடேறியிருந்தது. யாரும் கை தட்டவில்லை. தடுப்புக்கு அந்தப் பக்கம் கணவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"ம், கட்ட இழுத்துப் பாரு" என்றாள் மாமியார்.

இழுத்தாள். பெல்ட் விரற்கடை அளவு நழுவியது.

"அண்ணே, லூசா இருக்கு."

மேஸ்திரி ஓடி வந்து அவிழ்த்துக் கட்டினார். கட்டி முடிக்கும்வரை இருவரும் கயிற்றிலிருந்து கையை எடுக்கவில்லை. அவள் மறுபடி இழுத்தாள்.

"கெட்டியா இருக்கா?"

"கெட்டிதான் அத்தை."

"அப்பத் தூக்கு. கடைல அவசரத் துணி கெடக்கு."

ஏறி உட்கார்ந்து கீழே பார்த்தாள். மாமியார் கடைக்குப் போகவில்லை. கண்ணை மறைத்த ஹெல்மெட்டை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "தள்ளுங்க, தள்ளுங்க, எங்க வீட்டுப் பொண்ணு தூக்குறா" என்று ஊரையே விரட்டிக்கொண்டிருந்தாள். மேஸ்திரி வெறுந்தலையோடு அவள் பின்னால் ஓடினார்.