பாயில் சுற்றிய வாசக்கால்

சாக்குப் படுதாவை ஒதுக்கிக்கொண்டு யாக்கோபு உள்ளே வந்ததும் எல்லப்பன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டான். நாலு மாதமாகப் படுத்த படுக்கையாகக் கிடக்கிற மனுஷன். யாக்கோபு கையில் கவர் இருந்ததுதான் காரணம். அவன் பெண்சாதி மரகதம் அடுப்பிலிருந்து விறகை வெளியே இழுத்துவிட்டு வந்து நின்றாள்.

மண்ணூர்ப் பக்கம் கம்பெனி கட்ட நிலத்தையும் வீட்டையும் எடுத்துக்கொண்டு, ஏரிக்கரையோரத் தகரக் கொட்டகையில் இவர்களைக் கொண்டுவந்து விட்டது அறுபத்தொன்பதாம் வருஷம். இப்போது எழுபத்தெட்டு. மனை தருகிறோம் என்றிருந்தார்கள். அங்கே நடுவதற்காக, இடிபட்ட வீட்டின் வாசக்காலை மட்டும் எல்லப்பன் பெயர்த்து எடுத்துவந்தான். கொட்டகைக்கே வைத்துவிடலாமே என்று முதல் மழையிலேயே மரகதம் கேட்டாள். அவன் மசியவில்லை. வாசக்கால் நட்டுப் பூஜை போட்டுவிட்டால் அதுவே வீடு என்று ஆகிவிடுமாம், அப்புறம் மனை கைக்கு வராதாம். பாயில் சுற்றிக் கொட்டகைக்குப் பின்னால் சாய்த்து வைத்தான். ஒன்பது வருஷமாகச் சாக்குதான் கதவு. நாய் வரும், போகும்.

உடம்பு விழுந்த பிறகு அவனுக்கு ஒரே ஆசைதான். "என்னைத் தூக்கினா அந்த வாசக்கா வழியாத்தான் தூக்கணும் மரகதம்." கேட்கும்போதெல்லாம் அவளுக்கு அழுகையும் எரிச்சலும் சேர்ந்தே வரும்.

யாக்கோபு கம்பெனியில் கிளார்க். கொட்டகைகளுக்கு வரும் இங்கிலீஷ் கடிதமெல்லாம் அவரிடம்தான் போகும். கவரைப் பிரித்து இரண்டு தரம் படித்தார்.

"உங்க மனு கெடைச்சிதாம். ஃபார் தி டைம் பீயிங், இங்கயே இருக்கச் சொல்லிக்கீறான்."

"அப்டின்னா?" என்றான் எல்லப்பன்.

"இப்போதைக்குன்னு அர்த்தம்."

"அது எத்தினி நாளு சார்?"

யாக்கோபு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாள் தெரிஞ்சா அந்தத் தேதியையே போட்ருவான் எல்லப்பா. தெரியலன்னாலும் சொல்ல இஷ்டமில்லன்னாலும் இதைப் போடுவான். என் வேலை ஆர்டர்லயும் இதான் கீது. ஏழு வருசம் ஆவுது."

எல்லப்பன் பின்பாதியைக் காதில் வாங்கவில்லை. "இப்போதிக்கிதான சொல்றான்? அப்ப பின்னால உண்டு," என்று சிரித்தான். அந்தச் சிரிப்பை மரகதத்தால் பார்க்க முடியவில்லை.

யாக்கோபு போனதும் அவள் கொட்டகைக்குப் பின்னால் போனாள். இனி எந்த மனையும் வராது. அவன் என்ன கத்தினாலும் சரி, நாளைக்கே ஆள் வைத்து இங்கேயே நட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தாள். கயிற்றை அவிழ்த்துப் பாயை விரித்தாள். பழைய மஞ்சளும் குங்குமமும் மேலே அப்படியே இருந்தன. பிடித்துத் தூக்கினாள். கட்டைவிரல் மரத்துக்குள் இறங்கியது. மேல்தோல்தான் மிச்சம், உள்ளே முழுக்கக் கரையான் மண்.

"இன்னா பண்ற? வாசக்கா நல்லா கீதா?" உள்ளேயிருந்து கேட்டான்.

"கல்லாட்டம் கீது."

"இங்க நட்றாத."

"இல்ல," என்றாள் மரகதம். "இப்போதிக்கி இங்கயே இருக்கட்டும்."

உதிர்ந்த மண்ணை இரண்டு கையாலும் கூட்டிப் பாய்க்குள்ளேயே போட்டாள். மெல்லச் சுற்றினாள். இறுக்கினால் நொறுங்கிவிடும் என்று கயிற்றைத் தளர்வாகவே கட்டினாள்.